படமும் பழுதும் - பெருந்திரைத் தொலைக்காட்சி கற்பிக்கும் பாடம்



தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலி உண்டு என்பதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அவர் அசிசி நகரத்துப் புனித கிளாரா. 1253-ல் இறைவனடி சேர்ந்த அப்புனிதை, தம் இறுதிக் காலத்தில் ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் நோயின் காரணமாக ஆலயத்திற்குச் செல்ல இயலாமல் படுக்கையில் கிடந்தார். ஆயினும் அங்கு நடந்த வழிபாட்டின் பாடல்களைத் தம் அறையிலிருந்தே கேட்டார் என்றும், அதன் காட்சியை எதிரே கண்டார் என்றும் வரலாறு கூறுகிறது. இதனை நினைவுகூர்ந்தே பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1958-ல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

புனிதைக்கு இறைவன் அருளிய காட்சியில் பழுது ஏற்பட்டிருக்காது. மனிதர் செய்த கருவிகளிலோ பழுது வரும். பழுது வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறோம். அதிலும் சரியாகாவிட்டால், "கடைசியாக யார் தொட்டது?" என்று கேட்கிறோம். இரண்டும் தவறு. நம் பள்ளி மண்டபத்தில் இருக்கும் பெருந்திரைத் தொலைக்காட்சியை முன்வைத்து, படத்திலும் ஒலியிலும் வரும் கோளாறுகளை எப்படி ஆராய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

திரையில் படம் வீழ்த்திய முன்னோடி

ஒளியைத் தூரத்தில் உள்ள திரையில் வீழ்த்திப் படம் காட்டும் கலை நம் பகுதிக்குப் புதிதன்று. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடப் பணி செய்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவ அன்பர், 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைப் பற்றியது. வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற அரங்கையும் கட்டினார். இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள நம் குரும்பலூர் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது.

அவருடைய படங்கள் பேசாப் படங்கள். ஆகவே ஒலிக் கோளாறு என்னும் கவலை அவருக்கு இருந்ததில்லை! படமும் ஒரே விளக்கிலிருந்து, ஒரே கண்ணாடி வில்லை வழியாகச் சென்றது. நம் மண்டபத்துப் பெட்டியிலோ ஒன்றுக்கு மூன்றாகப் படக்குழல்கள் இருக்கின்றன. கோளாறுகளும் அதற்கேற்பவே இருக்கும்.

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கியது. 1982-ல் வண்ண ஒளிபரப்பு வந்தது. டயனோரா, சாலிடேர் போன்ற சென்னைத் தயாரிப்புப் பெட்டிகள் உள்ள வீட்டில் தெருவே கூடியிருந்த காலத்தை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கூட்டம் முழுவதும் வசதியாகக் காண ஏற்றது பெருந்திரைத் தொலைக்காட்சி. 1970-களில் வெளிநாடுகளில் பரவிய இவ்வகைப் பெட்டி, தட்டைத் திரைகளின் வரவால் 2010-க்குள் கடைகளை விட்டு மறைந்தது. நம் பெட்டி, வளைகுடா நாட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தார் அன்பளிப்பாகத் தந்தது.

பெட்டியின் உள்ளே

பழுதை அறிய வேண்டுமானால், பழுதில்லாதபோது கருவி எப்படி இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பெட்டியின் அடிப்பகுதியில் மூன்று சிறிய படக்குழல்கள் வரிசையாக உள்ளன. ஒன்று சிவப்பு ஒளியை மட்டும் தரும். மற்றொன்று பச்சை, இன்னொன்று நீலம். பொதுவாகப் பச்சைக் குழல் நடுவில் இருக்கும். ஒவ்வொரு குழலின் முன்னும் ஒரு வில்லை உண்டு. மூன்று ஒளிகளும் மேலே சென்று, பின்பக்கம் சாய்வாக உள்ள பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் பின்புறத்தில் விழுகின்றன. நாம் திரையை முன்புறமிருந்து காண்கிறோம். மூன்று படங்களும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்தும்போதுதான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. குழலின் முகத்தில் படத்தின் மூலைவிட்டம் 5 அங்குலம் என்றும், திரையில் 50 அங்குலம் என்றும் கொள்வோம். நீளத்தில் 10 மடங்கு; பரப்பில் 10 × 10 = 100 மடங்கு. குழல் தரும் ஒளி நூறு மடங்கு பரப்பில் பரவ வேண்டும். அதனால் குழல் மிகுந்த பிரகாசத்துடன் ஒளிர வேண்டியிருக்கிறது. அதற்குச் சுமார் 30,000 வோல்ட் மின்னழுத்தம் தேவை. இவ்வளவு வேலை செய்யும் குழல் சூடேறும். அச்சூட்டைத் தணிக்கக் குழலின் முகத்திற்கும் வில்லைக்கும் இடையே கிளைக்கால் கலந்த தெளிந்த திரவம் ஒன்றை அடைத்திருக்கிறார்கள்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. குழலில் 0.1 மில்லிமீட்டர் விலகல் ஏற்பட்டால் திரையில் அது 1 மில்லிமீட்டர் ஆகிவிடும். சிறிய பிழை பெரிதாகத் தெரிவது இப்பெட்டியின் இயல்பு.

முதல் விதி: வெளியிலிருந்து உள்ளே செல்

படம் கெட்டவுடன் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். மின்சாரம், படம் அனுப்பும் கருவி, இணைப்புக் கம்பி, அமைப்புகள், கடைசியாகப் பெட்டி என்ற வரிசையில் ஆராயுங்கள்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ரிமோட்டை அழுத்தித் தொலைக்காட்சியின் சொந்தப் பட்டியலைத் திரையில் வரவழையுங்கள். அந்த எழுத்துகள் பெட்டிக்குள்ளேயே உருவாகின்றன. படம் மோசமாக இருந்து, எழுத்துகள் மட்டும் தெளிவாக இருந்தால், குறை செட்டாப் பெட்டியிலோ கம்பியிலோ இருக்கக்கூடும். எழுத்துகளிலும் அதே குறை தெரிந்தால், குறை தொலைக்காட்சியில்தான். ஒரு பொத்தானை அழுத்தியதில் பாதி சந்தேகம் தீர்ந்தது அல்லவா?

படக் கோளாறுகள்

படம் மங்கல்: பெரும்பாலும் காரணம் தூசி. மக்காச்சோளமும் பருத்தியும் அறுவடையாகும் காலத்தில் நம் ஊர்க் காற்றில் உள்ள தூசி, காற்றுத்துளைகள் வழியே நுழைந்து வில்லைகள் மேலும் கண்ணாடி மேலும் படியும். ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல இதைத் துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது. வீட்டுக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்புறம் இருக்கும்; இதில் முன்புறத்திலேயே இருக்கிறது. உலர்ந்த துணியால் ஒரு முறை தேய்த்தாலும் கீறல் நிலைத்துவிடும். மெக்கானிக் பெட்டியைத் திறக்கும்போது காற்று ஊதியும் மென்மையான தூரிகையாலும் தூசி நீக்கச் சொல்லுங்கள்.

எழுந்து நின்றால் மங்கல், உட்கார்ந்தால் தெளிவு: இது பழுதன்று. திரையில் உள்ள நுண்ணிய வரிகள், ஒளியை அமர்ந்திருப்போர் கண்ணை நோக்கித் திருப்பிவிடுகின்றன. பெற்றோர் கூட்டத்தில் பின்னால் நிற்பவர்கள் "படம் சரியில்லை" என்பதும், முன்னால் அமர்ந்தவர்கள் "நன்றாக இருக்கிறது" என்பதும் இதனால்தான். இருவரும் உண்மையே சொல்கிறார்கள்.

ஒரு வண்ணம் இல்லை: வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். சிவப்பு இல்லையென்றால் வெள்ளை நீலப்பச்சையாகும். நீலம் இல்லையென்றால் மஞ்சளாகும். பச்சை இல்லையென்றால் சிவப்பும் நீலமும் கலந்த மெஜந்தாவாகும். எந்தக் குழல், அல்லது எந்தக் குழலை இயக்கும் சுற்று, வேலை செய்யவில்லை என்பதைப் பெட்டியைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம்: கறுப்புப் பின்னணியில் உள்ள எழுத்தைச் சுற்றிப் புகை போன்ற வட்டம் தெரிந்தால், குளிர்விக்கும் திரவம் கலங்கியிருக்கலாம். ஆண்டுகள் ஆக ஆக அதில் பாசி போன்ற படிவு தோன்றுவதுண்டு. கலங்கிய திரவத்தில் ஒளி சிதறுகிறது. ஒளிச்சிதறல் என்றவுடன், திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி. வி. இராமன் உங்கள் நினைவுக்கு வரட்டும். அவர் திரவங்களில் கண்ட விளைவு இதைவிட மிக நுண்ணியது. ஆனால் ஒரு திரவத்தின் வழியே ஒளி செல்லும்போது என்ன நேர்கிறது என்று கூர்ந்து நோக்கியதே அதற்கும் தொடக்கம்.

திரையில் ஒரே ஒரு கிடைக்கோடு: கதிரை மேலும் கீழும் செலுத்தும் சுற்று நின்றுவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள். படம் முழுவதும் பரவ வேண்டிய ஆற்றல் ஒரே கோட்டில் குவிந்தால், குழலின் ஒளிப்பூச்சு கருகிவிடும். "சற்று நேரம் பார்ப்போம், தானாகச் சரியாகும்" என்ற பொறுமை இங்கே உதவாது.

நிலைத்துப்போன நிழல்: ஒரே அலைவரிசையின் சின்னம் எப்போதும் ஒரே மூலையில் இருந்தால், அவ்விடம் நாளடைவில் தேய்ந்து, வேறு படம் ஓடும்போதும் நிழலாய்த் தெரியும். இதற்குக் குழலை மாற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. வருமுன் காக்க, ஒளி வேறுபாட்டைக் குறைத்து வையுங்கள். அசையாத படத்தை நெடுநேரம் வைக்காதீர்கள்.

வண்ணமே இல்லை: நம் நாட்டு முறை பால் எனப்படும், படத்திற்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்க முறையில் 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். அனுப்பும் கருவி ஒரு முறையிலும், பெட்டி வேறு முறையிலும் அமைந்திருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகலாம், அல்லது உருளலாம். அமைப்பை மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டியானால் இன்னொரு எச்சரிக்கை: அங்கே மின்னழுத்தம் சுமார் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடியும்.

இரட்டைப் படம்: ஒவ்வொரு உருவத்திற்கும் வலப்பக்கம் மங்கலான நிழலுருவம் தெரிவது, ஆன்டெனா வைத்துப் பார்த்த காலத்தின் பெருந்தொல்லை. இன்று எண்முறை ஒளிபரப்பில் இது வராது. ஆயினும் இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 625 வரிகள் × 25 படங்கள் = நொடிக்கு 15,625 வரிகள். ஆகவே ஒரு வரிக்கு 64 மைக்ரோ நொடி. அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்ரோ நொடி. திரையின் அகலம் 52 செ.மீ. என்றால், 1 செ.மீ. கடக்க 1 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் வானொலி அலை 300 மீட்டர் செல்லும். நிழலுருவம் 2 செ.மீ. தள்ளித் தெரிந்தால், ஏதோ ஒரு குன்றிலோ கட்டடத்திலோ மோதிவந்த அலை 600 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து வந்திருக்கிறது என்று பொருள். அளவுகோலைத் திரையில் வைத்து, கண்ணுக்கு எட்டாத குன்றால் அலை சுற்றிவந்த தூரத்தை அளந்துவிடலாம்!

பொருந்தாத சிவப்பு

இப்போது நம் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். அது எனக்கும் ஒரு பாடம்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. விடுதி மாணவிகளுக்கு இயேசுவின் பாடுகளைப் பற்றிய திரைப்படம் காட்ட ஏற்பாடாகியிருந்தது. பெட்டியைப் போட்டவுடன் எல்லா உருவங்களின் ஓரத்திலும் சிவப்புக் கோடு பிரிந்து நின்றது. முகங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. படம் காட்ட இயலவில்லை.

அன்று காலை மண்டபத்தைப் பெருக்கிப் பெட்டியைத் துடைத்தவள் ஒன்பதாம் வகுப்பு விடுதி மாணவி ஒருத்தி. சின்ன வெங்காயம் பயிரிடும் குடும்பத்துப் பெண். "நீதான் பெட்டியைத் தள்ளி இடித்திருக்கிறாய்" என்றார்கள் தோழிகள். நானும் அப்படியே சொன்னேன். காரணமும் காட்டினேன்: பெட்டியைத் திருப்பினால் பூமியின் காந்தப்புலம் கதிரின் மேல் செயல்படும் திசை மாறும், அதனால் வண்ணங்கள் சற்று விலகும் என்றேன். சொன்ன அறிவியல் சரி. சொன்ன இடந்தான் தவறு. அவள் எதிர்த்துப் பேசவில்லை. இரவு உணவும் உண்ணவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

மறுநாள் அவள் என்னிடம் வந்து, "டீச்சர், ஒரு தடவை அதைப் போட்டுக் காட்டுவீர்களா?" என்று கேட்டாள். பெட்டிக்குள்ளேயே இருக்கும் கட்டக்கோட்டுப் படத்தைத் திரையில் வரவழைத்தேன். அவள் தன் வடிவியல் நோட்டில் பச்சை, நீலம், சிவப்புப் பென்சில்களால் அதை அப்படியே வரைந்தாள். வரைந்த பின்னர்தான் எனக்கே பல விஷயங்கள் கண்ணில் பட்டன.

பச்சைக் கட்டங்கள் நேராக இருந்தன. நீலம் பச்சையோடு ஒட்டியே இருந்தது. சிவப்புச் செங்குத்துக் கோடுகளும் தம் இடத்தில் இருந்தன. சிவப்புக் கிடைக்கோடுகள் மட்டும் ஒரு பக்கம் அகன்று, மறு பக்கம் நெருங்கி, வில்லைப் போல் வளைந்திருந்தன.

இதன் பொருள் என்ன? நடுவில் உள்ள பச்சைக் குழல் திரையை நேராக நோக்குகிறது. ஓரங்களில் உள்ள சிவப்பும் நீலமும் சாய்வாக நோக்குகின்றன. டார்ச் விளக்கைச் சுவரில் சாய்த்து அடித்தால் வட்டம் நீண்டு விழுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுபோல இவ்விரண்டின் படமும் ஒரு பக்கம் பெரிதாக, சரிவகமாகவே விழும். அதைச் சரிசெய்து செவ்வகமாக்க, ஒவ்வொரு குழலின் கழுத்திலும் திருத்தச் சுருள்கள் உள்ளன. மூன்று வண்ணம், ஒவ்வொன்றுக்கும் கிடைத்திசை, செங்குத்துத்திசை என இரண்டு. ஆக 6 மிகைப்பிகள் அச்சுருள்களை இயக்குகின்றன. வண்ணங்களை ஒன்றுசேர்க்கும் இவ்வேலைக்குக் கன்வர்ஜென்ஸ் என்று பெயர்.

பெட்டி இடிபட்டிருந்தால் சிவப்புப் படம் முழுவதுமாக ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். அல்லது மற்ற வண்ணங்களும் கலைந்திருக்கும். இங்கே ஆறில் ஒன்று மட்டும், சிவப்பின் மேல்-கீழ்த் திருத்தம் மட்டும், நின்றுபோயிருந்தது. அது தள்ளியதால் வரும் பழுதன்று. மிகைப்பி கெட்டதால் வரும் பழுது.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு திருச்சி மெக்கானிக்கிடம் தொலைபேசியில் விவரித்தேன். எந்த உதிரிப் பாகத்தை எடுத்துவர வேண்டும் என்று அவர் அப்போதே தெரிந்துகொண்டார். வந்து திறந்தபோது, மிகைப்பியாக வேலை செய்யும் ஒருங்கிணைந்த சுற்றும் அதன் அருகில் ஒரு மின்தடையும் கருகியிருந்தன. காரணம் வெப்பம். "பின்பக்கக் காற்றுத்துளைகளை அடைத்துப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தது யார்? மேலே இந்தப் பூவேலைத் துணியைப் போர்த்தியது யார்?" என்று அவர் கேட்டார்.

சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னதும் நான். துணியைப் போர்த்தியதும் நான்.

அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிறது. நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்ததுபோல் சொன்னேன். பழுது ஆராய்வோர் முதலில் ஆராய வேண்டியது தம் அவசரத்தை.

ஒலிக் கோளாறுகள்

இனி ஒலிக்கு வருவோம். படமும் ஒலியும் ஒரே பெட்டியிலிருந்து வந்தாலும் அவற்றின் வழிகள் வேறு வேறு. பழைய ஒளிபரப்பில் படம் ஓர் அலையிலும், ஒலி அதைவிட 5.5 மெகாஹெர்ட்ஸ் உயர்ந்த மற்றோர் அலையிலும் வந்தன. ஆகவே படம் நன்றாக இருந்து ஒலி மட்டும் கெடுவதும், ஒலி இருந்து படம் மட்டும் மறைவதும் இயல்பே. எது இருக்கிறது, எது இல்லை என்பதே முதல் தடயம்.

ஒலியே இல்லை: ஒலியடக்கும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காதொலிப்பான் துளையைப் பாருங்கள். பல பழைய பெட்டிகளில் அத்துளையில் எதையாவது செருகினால் ஒலிபெருக்கி தானாகத் துண்டிக்கப்படும். செருகியதை எடுத்த பின்னும் உள்ளே தகடு திரும்பாமல் நின்றுவிடுவதுண்டு. இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் சில சமயம் ஒலி திரும்பும்.

ஒரு பக்கம் மட்டும் ஒலி: செட்டாப் பெட்டியிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் மஞ்சள் படத்திற்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. இடப்பக்கம் ஒலி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சியின் பக்கத்தில் மட்டும் வெள்ளையையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போது வலப்பக்கம் ஊமையானால், குறை கம்பியிலோ செட்டாப் பெட்டியிலோ உள்ளது. இன்னும் இடப்பக்கமே ஊமையாக இருந்தால், குறை தொலைக்காட்சியில் உள்ளது. கருவி ஏதுமின்றி, காசு செலவின்றி, ஒரே நிமிடத்தில் முடியும் சோதனை இது.

ஓயாத உறுமல்: நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒலியின் அளவைக் குறைத்தும் தாழ்ந்த உறுமல் குறையவில்லையென்றால், மின்சாரத்தைச் சமப்படுத்தும் மின்தேக்கி வலுவிழந்திருக்கலாம். ஒலிக்கம்பியைக் கழற்றியவுடன் உறுமல் நின்றால், குறை கம்பியின் உறையிலோ தரையிணைப்பிலோ இருக்கிறது.

வெள்ளை எழுத்து வரும்போது மட்டும் இரைச்சல்: பழைய ஒளிபரப்பில், படத்தின் அலை ஒலியின் வழியில் கசிந்தால் இவ்விரைச்சல் எழும். திரையில் எழுத்துகள் தோன்றும்போது கூடும். இருண்ட காட்சியில் குறையும். அலைவரிசையைத் துல்லியமாக வைத்தால் அடங்கும். காதால் கேட்ட குறைக்குக் கண்ணால் தடயம் கிடைப்பது விந்தையல்லவா?

கரகரப்பு: உரத்த ஒலியில் மட்டும் கரகரத்தால் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு கிழிந்திருக்கலாம். எலி கடித்திருப்பதும் உண்டு. ஒலியளவு எப்படி இருந்தாலும் விட்டு விட்டுக் கரகரத்தால், தளர்ந்த இணைப்பு காரணமாகலாம்.

ஒலிபெருக்கியின் தத்துவத்தை ஆய்வகத்திலேயே காணலாம். பழைய வானொலியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் 1.5 வோல்ட் மின்கலத்தால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். "டக்" என்று கேட்டால் அதன் சுருள் நலமாக உள்ளது. ஒலி கேட்காவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. தனியாகக் கழற்றிய ஒலிபெருக்கியில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

உதடு அசைந்த பின் ஒலி, அல்லது ஒலிக்குப் பின் உதடு: எண்முறைக் கருவிகள் படத்தைச் சீரமைக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஒலியை வேறு கருவி வழியே எடுக்கும்போது இரண்டும் பிரிந்துபோகும். செட்டாப் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

தொடக் கூடாதவை

பெற்றோரும் விடுதிப் பொறுப்பாளர்களும் இப்பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டுகிறேன்.

தொலைக்காட்சியின் பின்மூடியை மாணவிகள் ஒருபோதும் திறக்கக் கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் படக்குழலிலும் மின்தேக்கிகளிலும் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். வீட்டில் உள்ள பழைய ஒற்றைக் குழல் பெட்டிக்கும் இது பொருந்தும்.

ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் பெட்டியிலிருந்து "உஸ்" என்ற ஓசையோ நெடியோ வந்தால், உயர்மின்னழுத்தம் ஈரத்தின் வழியே கசிகிறது என்று கொள்ளுங்கள். உடனே அணைத்துக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள்.

பெட்டியின் அடியில் பிசுபிசுப்பான நீர் கசிந்திருந்தால் அது குளிர்விக்கும் திரவமாக இருக்கலாம். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. சிறு குழந்தைகளையும் பூனை, நாய்களையும் அண்ட விடாதீர்கள்.

பெட்டியைச் சுற்றி நாற்புறமும் காற்றோட்டம் வேண்டும். மேலே துணி வேண்டாம், பூச்சாடி வேண்டாம்.

பயன்படாத பழைய படக்குழலைக் குப்பைமேட்டில் உடைக்க வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. 2006 முதல் தமிழக அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளும் படக்குழல் பெட்டிகளே; அவற்றுள் பல இன்று பரண்களில் கிடக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும் என்கின்றன. காயலான் கடையில் கிடைக்கும் சில ரூபாய்க்காக நம் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடிவுரை

மாணவிகளே, மெக்கானிக்கை அழைக்கும் முன் ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எப்போது தொடங்கியது? எது இருக்கிறது, எது இல்லை? எல்லா அலைவரிசையிலும் இருக்கிறதா? பெட்டியின் சொந்த எழுத்துகளிலும் தெரிகிறதா? முடிந்தால் கண்டதை வரையுங்கள். "டிவி ஓடவில்லை" என்று சொல்லும் வீட்டிற்கும், இந்தத் தாளைக் காட்டும் வீட்டிற்கும் செலவில் பெரிய வேறுபாடு இருக்கும். மருத்துவரிடம் செல்லும்போதும் இதே முறை பயன்படும்.

அந்த ஆண்டு பாடுகளின் திரைப்படத்தைப் பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் கண்டோம். மூன்று வண்ணங்களும் ஒன்றாகியிருந்தன. பெட்டி இப்போது சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியே நிற்கிறது. வடிவியல் நோட்டிலிருந்து கிழித்துத் தந்த அந்த மூவண்ணப் படம், அறிவியல் ஆய்வகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. யார் வரைந்தது என்று புதிய மாணவிகள் கேட்பதுண்டு. வரைந்தவளே எழுந்து விளக்குகிறாள்.

பயிற்சி வினாக்கள்

1. வெள்ளைச் சீருடை திரையில் மஞ்சளாகத் தெரிகிறது. எந்த வண்ணக் குழல் இயங்கவில்லை?

2. 4 அங்குலப் படம் 60 அங்குலத் திரையில் விழுந்தால் பரப்பு எத்தனை மடங்காகும்?

3. 52 செ.மீ. அகலத் திரையில் நிழலுருவம் 5 செ.மீ. தள்ளித் தெரிகிறது. எதிரொலித்து வந்த அலை எத்தனை மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்தது?

4. வெள்ளை, சிவப்பு ஒலிக்கம்பிகளைத் தொலைக்காட்சியின் பக்கம் மட்டும் இடம் மாற்றிச் செருகிய பின்னும் வலப்பக்கமே ஊமையாக இருக்கிறது. குறை எங்கே?

5. உங்கள் வீட்டில் ஒரு பொருள் பழுதானபோது, ஆராயாமல் யார்மேலாவது பழி சொன்னதுண்டா? உண்மைக் காரணம் என்னவாக இருந்தது? பத்து வரிகளில் எழுதுக.

விடைகள்: 1. நீலம். 2. 225 மடங்கு. 3. 1,500 மீட்டர். 4. தொலைக்காட்சியில். 5. இதன் விடை உங்களிடமே உள்ளது.